சேலைக் கடையின் இணையத்தளம்: வந்து பார்ப்பவர் வாங்குபவராக மாறுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம், சின்னாளபட்டி போன்ற ஊர்களில் சேலை நெய்து விற்கும் குடும்பங்களுக்கும் சிறு ஜவுளிக் கடைகளுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுப்பதும், முன்பே இருக்கும் தளத்தைச் சீர்செய்து கொடுப்பதும் என் தொழில். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பட்டுச் சேலையைச் சுற்றியே இருக்கும். மரச்செக்கு எண்ணெய் விற்பவரும் கிரைண்டர் விற்பவரும் தங்கள் சரக்குக்கு ஏற்றபடி பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

தளத்துக்கு நாள்தோறும் ஆட்கள் வருகிறார்கள் என்று கணக்கு காட்டுகிறது. ஆனால் வாங்குபவர் மிகக் குறைவு. எங்கே தவறு?

கடையில் நடப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் குடும்பத்தை ஜமக்காளத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, யாருக்கு, என்ன விசேஷம், எவ்வளவுக்குள் பார்க்கலாம் என்று கேட்ட பிறகுதான் முதல் சேலையை விரிக்கிறீர்கள். அவர்கள் முந்தானையைத் தடவிப் பார்க்கிறார்கள். திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்க்கிறார்கள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்க்கிறார்கள். சாயம் போகுமா, ஜரிகை கறுக்குமா, சம்பந்தி வீட்டாருக்குப் பிடிக்காவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். நீங்களும் சலிக்காமல் பதில் சொல்கிறீர்கள். கடைசிச் சந்தேகமும் தீர்ந்த பிறகே பணம் கைமாறுகிறது.

இணையத்தளத்துக்கு வருபவருக்கும் இதே சந்தேகங்கள்தாம் இருக்கின்றன. கேட்பதற்கு எதிரே ஆள் இல்லை என்பது மட்டுமே வேறுபாடு. பக்கத்தில் பதில் கிடைக்காதபோது அவர் கோபித்துக்கொள்வதும் இல்லை, பேரம் பேசுவதும் இல்லை; பேசாமல் போய்விடுகிறார். சரக்கு பிடிக்காமல் போய்விட்டார் என்று நீங்கள் எண்ணிக்கொண்டு வடிவங்களை மாற்றுகிறீர்கள், விலையைக் குறைக்கிறீர்கள், விளம்பரத்துக்கு இன்னும் செலவு செய்கிறீர்கள். நான் பார்த்த தளங்களில் பெரும்பாலானவற்றில் சரக்கில் குறை இல்லை. வந்தவரின் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லாததுதான் குறை. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒன்றைச் சரிசெய்வதைப் பற்றியவையே.

முகப்புப் பக்கத்தில் முதலில் என்ன இருக்க வேண்டும்?

என்ன விற்கிறீர்கள், எந்த ஊரிலிருந்து, எந்த விலையில் தொடங்கி, எங்கெல்லாம் அனுப்புவீர்கள், யாரிடம் பேசலாம் என்ற ஐந்தும் கைப்பேசித் திரையை நகர்த்தாமலே தெரிய வேண்டும். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்ற வாசகம் இந்த ஐந்தில் எதற்கும் பதில் சொல்வதில்லை. அந்த இடத்தில் ‘காஞ்சிபுரத்தில் எங்கள் சொந்தத் தறிகளில் நெய்த பட்டுச் சேலைகள், ரூ.9,000 முதல், இந்தியா முழுவதும் அனுப்புகிறோம்’ என்று ஒரு வரி இருந்தால், வந்தவர் தான் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று உடனே அறிந்துகொள்வார். சொந்தத் தறி இல்லாவிட்டால் அப்படி எழுதக் கூடாது. நெசவாளர்களிடம் தேர்ந்தெடுத்து வாங்கி விற்கிறோம் என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

மூன்று நான்கு படங்கள் தாமாக நகர்ந்துகொண்டே இருக்கும் அலங்காரம் வேண்டாம் என்பதே என் கருத்து. படிக்கத் தொடங்கிய வரி கண்ணெதிரே ஓடிப்போவது வந்தவரைத் துரத்துவது போன்றது. தளம் திறந்ததும் தானாக ஒலிக்கும் நாதசுரத்தையும் எடுத்துவிடுங்கள். அலுவலகத்திலும் பேருந்திலும் இருந்து பார்ப்பவர்கள் ஒலியை நிறுத்தும் வழியைத் தேடாமல் பக்கத்தையே மூடிவிடுகிறார்கள்.

தளம் மெதுவாகத் திறப்பது அவ்வளவு பெரிய குறையா?

ஆம், வாசற்கதவு பூட்டியிருப்பதற்குச் சமமான குறை. பக்கத்தின் முதன்மையான படமோ எழுத்தோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், விரலால் தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும் என்பன கூகுள் வகுத்திருக்கும் அளவுகோல்கள். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் தள முகவரியைக் கொடுத்தால், எங்கே தாமதம் என்பதை அதுவே காட்டிவிடும்.

சேலைத் தளங்களில் தாமதத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: கைப்பேசியில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் 4, 5 எம்.பி. அளவில் அப்படியே ஏற்றப்பட்டிருக்கும். அவற்றை வெப்பி (WebP) என்ற, இணையத்துக்கென உள்ள பட வடிவத்துக்கு மாற்றி 200 கே.பி. அளவுக்குக் கொண்டு வந்தாலும் திரையில் பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பெரிதாக்கிப் பார்க்க விரும்புபவருக்கு மட்டும் பெரிய படம் இறங்கும்படி அமைக்கலாம். படத்துக்கான இடத்தை முன்பே ஒதுக்கி வைக்கும்படி தளம் அமைப்பவரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழும்போது பக்கம் கீழே தள்ளப்பட்டு, ‘வாங்கு’ என்று தொட நினைத்த விரல் வேறெதையோ தொட்டுவிடும்.

படத்தில் பார்த்த நிறம் வேறு, வந்த சேலையின் நிறம் வேறு என்று சொல்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

இந்தத் தொழிலில் மிகவும் கடினமான கேள்வி இதுவே. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். குழல் விளக்கின் கீழோ மஞ்சள் விளக்கின் கீழோ எடுத்த படத்தில் அரக்கு செங்கல் நிறமாகவும், வாடாமல்லி இளஞ்சிவப்பாகவும் மாறிவிடும். காலை ஒன்பது மணிக்குப் பிறகு, நேர் வெயில் படாத வடக்குப் பக்க ஜன்னல் ஓரத்தில், வெள்ளைச் சுவரை ஒட்டிச் சேலையை விரித்து, அறை விளக்குகளை அணைத்துவிட்டு எடுங்கள். கைப்பேசிக் கேமராவில் படத்தைத் தானாக மெருகேற்றும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். எடுத்த படத்தையும் சேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே தளத்தில் ஏற்றுங்கள்.

இரட்டை நிறப் பட்டில் இதுவும் போதாது. நீள நூலான பாவு ஒரு நிறமும் குறுக்கு நூலான ஊடை இன்னொரு நிறமுமாக நெய்த மயில்கழுத்துச் சேலை, மடிப்பில் ஒன்றாகவும் விரிப்பில் வேறாகவும், நடக்கும்போது மூன்றாவதாகவும் தெரியும். அசையாத படத்தால் இதைக் காட்டவே முடியாது. பத்து வினாடி காணொளி ஒன்று எடுத்து, முந்தானையை மெல்ல அசைத்துக் காட்டுங்கள். பாவு நீலம், ஊடை பச்சை என்று எழுத்திலும் சொல்லிவிடுங்கள். சேலை கைக்கு வந்த பிறகு ‘இது நான் கேட்ட நிறம் இல்லை’ என்ற சொல்லைப் பெரும்பாலும் இந்தக் காணொளியே தடுத்துவிடும்.

எத்தனை படம் என்றும் கேட்பார்கள். எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம். கடையில் வாங்குபவர் என்னென்ன பார்க்கிறாரோ அதே ஒழுங்கில் இருக்கட்டும்: கட்டிய தோற்றம், முந்தானை, கரை, உடல், ரவிக்கைத் துணி, கடைசியாக உள்பக்கம். உள்பக்கப் படத்தைப் போடும் தளங்கள் அரிது. ஆனால் பட்டு தெரிந்தவர்கள் கடையில் முதலில் திருப்பிப் பார்ப்பது உள்பக்கத்தைத்தான். கரையும் உடலும் சேரும் கோர்வை இணைப்பு அங்கேதான் தெளிவாகத் தெரியும். அதை நீங்களே முன்வந்து காட்டும்போது, மறைக்க எதுவும் இல்லை என்பதை அவர் சொல்லாமலே புரிந்துகொள்வார்.

ஒவ்வொரு சேலைக்கும் கீழே என்ன எழுத வேண்டும்? ‘நேர்த்தியான, பாரம்பரியமான, அழகிய’ என்று எழுதினால் போதாதா?

போதாது. அந்தச் சொற்களை எந்தச் சேலைக்கும் எழுதலாம் என்பதால் அவை எந்தச் சேலையைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. வாங்குபவருக்கு வேண்டியவை வேறு: ஆறு கஜமா ஒன்பது கஜமா, நீளம் எத்தனை மீட்டர், ரவிக்கைத் துணி சேர்ந்ததா தனியா, அதன் நிறம் என்ன, கரையின் அகலம் எத்தனை அங்குலம், எடை எத்தனை கிராம், கைத்தறியா விசைத்தறியா, கோர்வை உண்டா.

ஜரிகையைப் பற்றித் தனியாக எழுதுங்கள். பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசிய அசல் ஜரிகைக்கும், செம்புக் கம்பியின் மேல் வெள்ளி முலாம் பூசிய ‘டெஸ்டட்’ ஜரிகைக்கும், பாலியஸ்டர் படலத்தில் செய்த பிளாஸ்டிக் ஜரிகைக்கும் விலையில் பெரும் வேறுபாடு இருக்கிறது. படத்தில் மூன்றும் ஒன்றுபோல் மின்னும். எந்த ஜரிகை என்று சொல்லாமல் விட்டால், விலை கூடிய சேலையைப் பார்ப்பவர் ஏமாற்று என்று நினைப்பார். விலை குறைந்ததை வாங்கியவர் பின்னால் ஏமாந்ததாக உணர்வார். எது என்று எழுதிவிட்டால் இருவருக்கும் அந்த மனக்குறை இல்லை. விலை குறைந்த ஜரிகை தேவைப்படுபவரும் இருக்கிறார். ஒருநாள் விழாவுக்கு அதுவே போதும் என்று அவர் தெரிந்தே வாங்குவார்.

சில்க் மார்க் முத்திரை உங்களிடம் இருந்தால், அதன் வில்லையைச் சேலையோடு சேர்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் தொடங்கிய அந்த முத்திரை, பட்டு தூய பட்டே என்பதற்கான உறுதி. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. முத்திரைப் படங்களை முகப்புப் பக்கத்தின் அடியில் வரிசையாக ஒட்டி வைப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றும் எதற்கு உறுதி தருகிறது, எதற்குத் தருவதில்லை என்று ஓரிரு வரிகளில் விளக்குங்கள். சில்க் மார்க் பட்டுக்கு உறுதி தருகிறதே தவிர, ஜரிகைக்குத் தருவதில்லை. இது வாங்குபவர் பலருக்குத் தெரியாது.

நிறத்தின் பெயரைத் தமிழ்நாட்டுப் பெண்கள் சொல்லும் பெயரால் எழுதுவதும் நல்லது. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, ராமர் பச்சை, எம்.எஸ். நீலம் என்று சொன்னால் மனத்தில் உடனே ஒரு நிறம் விரிகிறது. தேடுபவர்களும் அந்தப் பெயர்களால்தான் தேடுகிறார்கள்.

விலையைப் போட்டால் போட்டிக் கடைக்காரர்கள் பார்த்துவிடுவார்களே? ‘விலைக்கு அழைக்கவும்’ என்று போடலாமா?

போட்டிக் கடைக்காரருக்கு உங்கள் விலை முன்பே தெரியும். விலை தெரியாமல் தவிப்பவர் வாங்க வந்தவர் மட்டுமே. அழைத்துக் கேட்டால் வாங்கித்தான் ஆக வேண்டுமோ என்ற கூச்சம் பலருக்கு உண்டு. தன் கைக்கு எட்டாத விலையாக இருந்து, அதைச் சொல்லித் தொலைபேசியை வைக்க நேரிடும் சங்கடத்தை யாரும் விரும்புவதில்லை. கடையில்கூட விலைச் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த சேலைக்கு நகரும் உரிமை அவருக்கு இருக்கிறது. அந்த மரியாதையைத் தளத்திலும் கொடுங்கள்.

வரி, கூரியர்க் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையைச் சேலைப் பக்கத்திலேயே காட்டுவது நல்லது. இணையத்தில் வாங்க எடுத்து வைத்த கூடைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு பணம் செலுத்தாமலே கைவிடப்படுகின்றன என்று இத்துறையில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவரும் டென்மார்க்கின் பேமார்ட் நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வெறுமனே பார்த்துவிட்டுப் போனவர்களை ஒதுக்கிவிட்டால், அதற்கு முதன்மையான காரணமாக வாங்குபவர்கள் சொல்வது கடைசியில் வந்து சேரும் கூடுதல் கட்டணங்களையே. இந்தியாவில் இது சட்டத்தின் தேவையும்கூட. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், சொந்தச் சரக்கை விற்கும் தளம் மொத்த விலையை ஒரே எண்ணாகவும், அதன் பகுப்பையும் காட்ட வேண்டும் என்கின்றன.

தளம் தமிழில் இருக்க வேண்டுமா, ஆங்கிலத்தில் இருக்க வேண்டுமா?

இரண்டிலும் இருக்கலாம், ஆனால் தமிழ்ப் பக்கம் பெயருக்கு இருக்கக் கூடாது. முகப்பு மட்டும் தமிழில் இருந்து, சேலை விவரமும் மாற்றும் விதிகளும் ஆங்கிலத்தில் இருந்தால், வாசலில் வரவேற்றுவிட்டு உள்ளே பேச மறுப்பது போலாகும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்றாதீர்கள். பார்டர் என்ற சொல்லை நாட்டின் எல்லை என்று மொழிபெயர்த்து வைத்திருந்த சேலைப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கல்லாவில் உட்காரும் அக்காவோ அத்தையோ வாடிக்கையாளரிடம் சொல்வதை எழுதிக்கொண்டு, அதைத் திருத்தமான நடையில் போட்டாலே போதும்.

எழுத்துரு யூனிக்கோடாக இருக்கட்டும். பழைய முறைகளில் தட்டச்சு செய்த தமிழைப் படமாக மாற்றி ஒட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை அந்தப் பக்கத்தில் சொல்லால் தேட முடியாது. எளிதாக நகலெடுக்கவும் முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் அதைப் படிக்கத் தடுமாறும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்கள் தெளிவானவை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் ‘கூடையில் சேர்க்கவும்’ அடங்காமல் வெட்டுப்படும். வரிகளுக்கிடையே இடைவெளியும் கூடுதலாக வேண்டும். இவற்றை ஒரு விலை குறைந்த கைப்பேசியில் திறந்து நீங்களே சரிபாருங்கள்.

வயதானவர்கள் தளத்தைப் பயன்படுத்தச் சிரமப்படுகிறார்கள். என்ன மாற்றலாம்?

திருமணச் சேலையில் இறுதிச் சொல் பெரும்பாலும் அம்மாவுடையது அல்லது பாட்டியுடையது என்பதை மறக்க வேண்டாம். பட்டுக் கடைத் தளங்கள் பலவும் சந்தன நிறப் பின்னணியில் பொன்னிற எழுத்தை வைக்கின்றன. அழைப்பிதழ் போலத் தோன்றும் என்பது உண்மை, ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு அது படிக்க முடியாத எழுத்து. உலகெங்கும் பின்பற்றப்படும் டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கிறது. பொன்னிறத்தை ஓர அலங்காரத்துக்கு வைத்துக்கொண்டு, எழுத்தை அடர் அரக்கிலோ கறுப்பிலோ போடுங்கள்.

முன்பின் தெரியாத கடைக்கு ஏன் 20,000 ரூபாய் அனுப்ப வேண்டும் என்று தயங்குகிறார்கள். நம்பிக்கையை எப்படி உண்டாக்குவது?

தயங்குவது நியாயம்தான். போலித் தளங்களில் பணத்தை இழந்தவர்களின் கதை அவர்கள் குடும்பத்திலேயே ஒன்று இருக்கும். அந்தத் தயக்கத்தைக் குறையாக எண்ணாமல், அதற்கு ஆதாரத்தோடு பதில் கொடுங்கள்.

கடையின் முழு முகவரி, கதவு எண்ணும் தெருவும் உட்பட, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் கடை இருக்கும் இடத்துக்கு இணைப்பு கொடுங்கள், தெருவிலிருந்து எடுத்த கடையின் படத்தைப் போடுங்கள், ஜி.எஸ்.டி. எண்ணை வெளியிடுங்கள், ஏனென்றால் அந்த எண்ணை அரசுத் தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். நான் மேலே சொன்ன 2020 விதிகள், வணிகத்தின் சட்டபூர்வப் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு விவரம், குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் பதவியும் தொடர்பு விவரமும் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகத் தர வேண்டும் என்கின்றன. வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். சிறு கடையில் குறைதீர்ப்பு அலுவலர் உரிமையாளராகவே இருக்கலாம். அவருடைய பெயரையே போடுங்கள். ‘நிர்வாகம்’ என்ற சொல்லிடம் யாரும் பேச முடியாது. பெயருள்ள மனிதரிடம் பேசலாம்.

உங்கள் தள முகவரி https என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 2018 ஜூலை முதல், பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளங்களைக் குரோம் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்று வெளிப்படையாகக் காட்டுகிறது. அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது.

வாட்ஸ்அப் பொத்தான் போதாதா? எல்லோரும் அதில்தான் கேட்கிறார்கள்.

அவசியம் வையுங்கள். சேலைப் பக்கத்திலிருந்து தொட்டால், அந்தச் சேலையின் எண் முன்பே எழுதப்பட்டிருக்கும்படி அமைக்கலாம். அவர் ‘நீங்க போட்டிருந்த அந்தப் பச்சை சேலை’ என்று விவரிக்கத் தேவை இருக்காது. பதில் சொல்லும் நேரத்தையும் எழுதுங்கள். ‘காலை 10 முதல் இரவு 8 வரை, ஒரு மணி நேரத்துக்குள் பதில்’ என்று போட்டால் அதைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்ற இயலாது என்றால் ‘அன்று மாலைக்குள்’ என்று போடுங்கள். விலை கேட்டவரின் எண்ணைச் சேமித்துக்கொண்டு நாள்தோறும் வாழ்த்துப் படமும் புது வரவும் அனுப்பும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் ஒரு சேலையைப் பற்றிக் கேட்பதற்காக எண்ணைக் கொடுத்தார். அதற்கு மேல் அனுப்ப வேண்டுமானால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். 2023-இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும் இதுவே.

‘இன்னும் 2 மட்டுமே’, ‘சலுகை 10 நிமிடத்தில் முடிகிறது’ என்று போட்டால் விற்பனை கூடும் என்கிறார்களே?

உண்மையாக இரண்டே இருந்தால் போடுங்கள். கைத்தறிச் சேலை பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைச் சொல்வது வாங்குபவருக்கு உதவி. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது வேறு. பக்கத்தைப் புதுப்பித்ததும் பத்து நிமிடம் மீண்டும் பத்திலிருந்தே தொடங்குவதை ஒருமுறை பார்த்தவர், ஜரிகையைப் பற்றி நீங்கள் எழுதிய உண்மையையும் நம்ப மாட்டார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இத்தகைய 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கின்றன. பொய் அவசரம், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைத் துளித்துளியாக வெளிப்படுத்துவது ஆகியவை அவற்றில் அடங்கும். ஃபால் தைத்துக் கொடுப்பதற்கான கட்டணத்தை முன்கூட்டியே டிக் செய்து வைப்பதும் கூடாது.

பணம் செலுத்தும் பக்கம் வரை வந்துவிட்டுப் போய்விடுகிறார்களே?

கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறீர்களா என்று முதலில் பாருங்கள். கடையில் சேலை வாங்க யாரும் உறுப்பினர் ஆவதில்லை. பெயர், கைப்பேசி எண், முகவரி, அஞ்சல் குறியீட்டு எண், இவை போதும். எண் கேட்கும் கட்டத்தில் எண் விசைப்பலகை மட்டும் வரட்டும். ஆறு இலக்க அஞ்சல் எண்ணைக் கொடுத்ததும் மாவட்டமும் மாநிலமும் தாமாக நிரம்பட்டும். அருகிலுள்ள அடையாளத்துக்கு ஒரு கட்டம் இருக்கட்டும், ஏனென்றால் நம் ஊர்களில் கூரியர்க்காரர் கோயிலையும் பள்ளியையும் கேட்டுத்தான் வருகிறார்.

யுபிஐ இருந்தே ஆக வேண்டும். ஆனால் அதில் ஒருமுறை செலுத்தும் வரம்பு பொதுவாக 1 லட்சம் ரூபாய், சில வங்கிகளில் அதைவிடக் குறைவு. முகூர்த்தச் சேலையோடு உறவினர்களுக்கும் சேர்த்து எடுப்பவர் இந்த வரம்பை எளிதில் தொட்டுவிடுவார். அப்போது காரணம் தெரியாமல் ‘தோல்வி’ என்று மட்டும் காட்டினால் அவர் பயந்துபோவார். வங்கிப் பரிமாற்றம், அட்டை என்ற மாற்று வழிகளை அங்கேயே எழுதுங்கள். பணம் கழிக்கப்பட்டு ஆர்டர் பதிவாகாவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதே பக்கத்தில் வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் மனிதருக்கு வரும் கலவரம் மிகப் பெரியது.

திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதினால் கட்டிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட மாட்டார்களா?

சிலர் செய்வார்கள். அதற்காக எல்லோரையும் சந்தேகிக்கும் விதிகளை எழுத வேண்டாம். சேலையின் முத்திரை வில்லையை அகற்றாமல், மடிப்புக் கலையாமல், பெட்டியைப் பிரிக்கும் காணொளியோடு ஏழு நாளுக்குள் தெரிவித்தால் மாற்றித் தருவோம் என்று எளிமையாக எழுதலாம். ஃபால் தைத்த பிறகும் குஞ்சம் கட்டிய பிறகும் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற இயலாது என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. ‘விற்ற பொருள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற பழைய பில் புத்தக வாசகத்தைத் தளத்தில் இருந்து எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு என்ன தனியாகச் சொல்ல வேண்டும்?

சுங்க வரியை யார் கட்டுவது என்பதை. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் எழுதிய அனுப்புதல் விதி உங்கள் தளத்தில் அப்படியே இருந்தால், அங்கே சேலையைப் பெறுபவர் வாசலில் வரி கேட்கப்பட்டுத் திகைப்பார். ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை நாள் ஆகும் என்பதையும், கல்யாணத் தேதிக்கு எவ்வளவு முன்னால் ஆர்டர் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். காணொளி அழைப்பில் சேலை காட்டும் வழக்கம் இருந்தால், நேரத்தை டொரண்டோ, லண்டன், சிங்கப்பூர் நேரங்களிலும் குறிப்பிடுங்கள்.

வாடிக்கையாளர் கருத்துகளை நாமே எழுதிப் போடலாமா?

கூடாது. விற்பவரே வாங்கியவர் போல எழுதுவது 2020 விதிகளின்படி தவறு. இணையக் கருத்துகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரத்தையும் வெளியிட்டிருக்கிறது. சேலை கட்டிய படத்தை வாடிக்கையாளர் தாமாக அனுப்பினால், அவர் சம்மதத்தோடு போடுங்கள். ‘கூரியர் இரண்டு நாள் தாமதம், சேலை அருமை’ என்ற கருத்தை நீக்காமல் வைத்து, தாமதத்துக்கு நீங்கள் சொன்ன பதிலையும் கீழே போட்டால், படிப்பவர் அந்தப் பதிலிலிருந்துதான் உங்களை அறிந்துகொள்கிறார்.

இவ்வளவையும் செய்த பிறகு, சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வேலைகள் செய்யுங்கள். கல்லா அருகில் ஒரு நோட்டு வையுங்கள். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் ஒவ்வொரு கேள்வியையும், கேட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்தால், தளத்தில் அதற்குப் பதில் இல்லை அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை என்று பொருள். பதிலைப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அடுத்தது, தளத்தைப் பார்த்திராத ஐந்து பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, ‘தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு 15,000 ரூபாய்க்குள் ஒரு சேலை எடுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, உதவாமல், குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள். பெரும்பாலான குறைகளை வெளிக்கொண்டுவர ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டுத் துறை அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதினார். என் அனுபவமும் அதுவே. ஒரு கடைக்காக இதைச் செய்தபோது, அறுபது வயது அம்மா ஒருவர் முந்தானைப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்க மூன்று முறை முயன்றார், படம் அசையவில்லை. நான்காவது முறை அவர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, ‘கடைக்கே போய்ப் பாத்துக்கலாம்’ என்றார். கடை அவர் வீட்டிலிருந்து 200 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. படத்தைப் பெரிதாக்கும் வசதியை அன்று மாலையே சேர்த்தோம். மறுநாள் அவரையே மீண்டும் அழைத்து, அதே கைப்பேசியைக் கையில் கொடுத்தோம்.